உப்புக்கறைக்கு எந்த அமிலம்? வாய்பாட்டை வைத்து ஒரு கணக்கு

போர்வெல் தண்ணீர் புழங்கும் வீட்டில் குழாய் முனையில் வெள்ளை, கெட்டிலின் அடியில் செதில், ஹீட்டர் காயிலில் ஓடு. ஹார்டுவேர் கடையில் கேட்டால் ஆசிட் பாட்டிலை நீட்டுவார்கள். யூடியூபில் கேட்டால் வினிகரும் ஆப்ப சோடாவும். பாட்டியைக் கேட்டால் புளி. மூன்றுமே ஏதோ ஓரிடத்தில் சரி, இன்னோரிடத்தில் வீண், வேறோரிடத்தில் நஷ்டம். எது எங்கே என்பதைச் சேர்மங்களின் வாய்பாடே சொல்லிவிடும். பள்ளியில் படித்த பெருக்கலும் வகுத்தலும் போதும்.

முதலில் எதிரி யார் என்று பார்ப்போம். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் பைகார்பனேட். சூடேறினால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மிஞ்சுவது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். ஒரு கால்சியம் (40), ஒரு கார்பன் (12), மூன்று ஆக்சிஜன் (48): கூட்டினால் மூலக்கூறு எடை 100. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்தே வருவதால் அங்கே இது பழகிய தொல்லை. இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது; வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இதில் கொதிக்க வைத்தால் படியக்கூடிய பங்கு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 6 லிட்டர் கொதிக்கும் கெட்டிலில் அதிகபட்சம் 1.8 கிராம், மாதத்துக்கு 54 கிராம். ஒரு பங்கு தண்ணீரோடு வெளியே போய்விடும். மீதி அடியில் ஒட்டும்.

எந்த அமிலமும் செய்கிற வேலை ஒன்றுதான். அது தரும் ஹைட்ரஜன், கார்பனேட்டை உடைத்துக் கார்பன் டை ஆக்சைடாக நுரைக்க வைக்கிறது. ஒரு கார்பனேட்டை உடைக்க இரண்டு ஹைட்ரஜன் வேண்டும். அமில வாய்பாட்டின் மறுபாதியைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. ஹைட்ரஜனைக் கொடுத்த பிறகு மிஞ்சும் அந்தத் துணை, விடுபட்ட கால்சியத்தோடு சேரும். அப்படிச் சேர்ந்த உப்பு தண்ணீரில் கரைந்தால் கறை போகும். கரையாவிட்டால் ஒரு வெள்ளை போய் இன்னொரு வெள்ளை வரும். வீட்டின் உலோகத்தையும் கல்லையும் அரிப்பதிலும் இந்தத் துணைக்குப் பங்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு அமிலத்திடமும் இரண்டு கேள்விகள்: 100 கிராம் படிவுக்கு எவ்வளவு வேண்டும்? கால்சியத்தோடு யார் சேர்கிறார்?

கடை ஆசிட்: ஹைட்ரோகுளோரிக் அமிலம்

ஒரு ஹைட்ரஜன், ஒரு குளோரின், எடை 36.5. இரண்டு வேண்டும் என்பதால் 100 கிராம் படிவுக்கு 73 கிராம். இந்தப் பட்டியலிலேயே குறைவான அளவு இதுதான். கழிப்பறைக்கென விற்கும் கெட்டியான திரவங்கள் பலவற்றில் இது சுமார் 10% இருக்கும். அந்தக் கணக்கில் 700 மில்லி போதும். உருவாகும் கால்சியம் குளோரைடு தண்ணீரில் அபாரமாகக் கரையும். வேகத்திலும் இதை மிஞ்ச ஆளில்லை.

சிக்கல் குளோரைடில் இருக்கிறது. எவர்சில்வரின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உண்டு. குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். இன்று கழுவிய சிங்க் பளபளக்கும். சில வாரத்தில் ஊசி முனை அளவுக் கரும்புள்ளிகள் தெரியும். குரோம் பூச்சு மங்கி உரியும். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு ஹைட்ரஜன் வாயுவாக நுரைத்துக் கரைந்து போகும். பார்ப்பவர் கறைதான் நுரைக்கிறது என்று சந்தோஷப்படுவார். அலுமினியத்தின் கதி இன்னும் மோசம்.

இதன் ஆவியும் சும்மா இருக்காது. குளியலறைத் தரைக்கு ஆசிட் ஊற்றிக் கதவைச் சாத்தி வைக்கிற வீட்டில், ஆசிட் ஒரு துளிகூடப் படாத கதவுக் கீலும் தாழ்ப்பாளும் துருப்பிடிப்பதற்குக் காரணம் அந்த ஆவிதான். டைல்ஸின் மேற்பரப்பு தாங்கும், இடுக்கில் இருக்கும் சிமென்ட் தாங்காது. சிமென்ட்டிலும் கால்சியச் சேர்மங்கள் இருப்பதால் ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் கரையும். மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றினால், நாளாக நாளாக இடுக்கு பள்ளமாகித் தண்ணீர் உள்ளே இறங்கும்.

ஆகவே இதற்கு வீட்டில் ஒரே இடம்தான்: கழிப்பறைப் பீங்கான். அதில் உலோகம் இல்லை, சிமென்ட் இல்லை, மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு அமிலத்துக்கு அசையாது. 10% திரவத்தை விளிம்புக்குக் கீழே ஊற்றி 15 முதல் 20 நிமிடம் விட்டுத் தேய்த்தால் போதும். கையிலிருப்பது 30 முதல் 33% அடர் ஆசிட் என்றால், பிளாஸ்டிக் வாளியில் மூன்று பங்கு தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் ஒரு பங்கு ஆசிட்டை மெதுவாகச் சேர்க்க வேண்டும். ஏறக்குறைய 9% வரும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் இல்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம். 2013 ஜூலையில் லட்சுமி எதிர் இந்திய அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது: வாங்குபவரின் அடையாள அட்டை, முகவரி, காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும், 18 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது. எதுவும் கேட்காமல் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தருகிற கடையில் வாங்காதீர்கள். அதன் அடர்த்தியும் தெரியாது, வீட்டில் யாராவது குடித்துவிடும் அபாயமும் உண்டு.

வினிகர்: அசிட்டிக் அமிலம்

இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன், எடை 60. நான்கு ஹைட்ரஜன் இருந்தாலும் விட்டுக்கொடுப்பது ஒன்றை மட்டுமே, ஆகவே 100 கிராம் படிவுக்கு 120 கிராம். பார்க்கப் பரவாயில்லை. ஆனால் கடை வினிகரில் அமிலம் 4% அளவில்தான், மீதி தண்ணீர். 120 கிராம் அமிலத்துக்கு 3 லிட்டர் வினிகர் வேண்டும். தவிர இது மென்மையான அமிலம். பாதிக்குமேல் தீர்ந்ததும் வேலை ஊர்ந்துதான் நடக்கும். ஹீட்டர் ஓட்டுக்கு வினிகர் என்று யாராவது சொன்னால் கணக்குப் போடாமல் சொல்கிறார் என்று பொருள்.

இருந்தாலும் வினிகரை ஒதுக்க முடியாது. குழாயின் கழுத்து, ஷவர் கண்ணாடி, எவர்சில்வர் குடத்தின் வெளிப்புற வளையம் போன்ற மெல்லிய படிவுக்கு இதைவிட வசதியானது இல்லை. டிஷ்யூ பேப்பரை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் ஒட்டவைத்து, துடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவினால் ஆயிற்று. கால்சியம் அசிட்டேட் நன்றாகக் கரையும். மிஞ்சிய அமிலம் காற்றில் ஆவியாகிவிடும், பிசுபிசுப்பு இருக்காது. வாடை ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

வினிகரும் ஆப்ப சோடாவும் கலக்கும் வித்தையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட், எடை 84. அது 60 கிராம் அசிட்டிக் அமிலத்தைத் தின்றுவிடும். 250 மில்லி வினிகரில் இருப்பது 10 கிராம் அமிலம். 14 கிராம் சோடா, அதாவது மூன்று டீஸ்பூன், அதை முழுக்க முடித்துவிடும். நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். அந்த நுரை கறையிலிருந்து வரவில்லை, நீங்கள் போட்ட சோடாவிலிருந்து வருகிறது. மிஞ்சும் சோடியம் அசிட்டேட் கரைசல் உப்புக்கறையை ஒன்றும் செய்யாது. அடைத்த சாக்கடைக் குழாயில் அந்தப் பொங்கல் கொஞ்சம் அழுக்கை அசைக்கலாம், அவ்வளவுதான்.

சிட்ரிக் அமிலம்

ஆறு கார்பன், எட்டு ஹைட்ரஜன், ஏழு ஆக்சிஜன், எடை 192. ஒரு மூலக்கூறு மூன்று ஹைட்ரஜனைத் தரும். கடையில் கிடைக்கும் வெள்ளைப் படிகம் பெரும்பாலும் ஒரு நீர் மூலக்கூறையும் சேர்த்து 210. கணக்குப்படி 100 கிராம் படிவுக்கு 140 கிராம்.

இங்கேதான் இரண்டாவது கேள்வி முக்கியமாகிறது. கால்சியம் சிட்ரேட் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம்கூடச் சரியாகக் கரையாது. சூட்டில் இன்னும் குறைவு. கணக்குப்படியே அளந்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றினால், பழைய கறை போய்ப் பாத்திரத்தின் சுவரில் மாவு மாதிரி புதிய வெள்ளை ஒட்டும். "சிட்ரிக் ஆசிட் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது" என்ற புகாரின் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். அமிலம் தாராளமாக இருந்தால் கால்சியம் வேறு வடிவில், நன்றாகக் கரையும் அமில சிட்ரேட்டாக இருக்கும். ஆகவே கணக்கைப்போல மூன்று மடங்கு: 100 கிராம் படிவுக்கு 420 கிராம். வீட்டளவில் சொன்னால், லிட்டருக்கு 50 கிராம் போட்ட கரைசல் 12 கிராம் படிவு வரை சிக்கலில்லாமல் தாங்கும். அதற்குமேல் இருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

கெட்டிலுக்கு: ஒரு லிட்டர் தண்ணீரை 50, 60 டிகிரிக்கு, ஆவி பறக்கத் தொடங்கும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிறகு படிகத்தைப் போட வேண்டும். நுரை எழும்பும் என்பதால் கழுத்துவரை நிரப்பக் கூடாது. அரை மணி நேரத்தில் சுத்தமாகும். கொட்டிவிட்டு இரண்டு முறை வெறும் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டினால் புளிப்பு போய்விடும். ஷவர் தலையைக் கழற்றி அதே அளவுக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவிடலாம். இரவெல்லாம் விட்டால் குரோமுக்கு ஆகாது. எவர்சில்வருக்கு இது நண்பன்தான். தொழிற்சாலைகளில் எவர்சில்வரின் காப்புப் படலத்தைச் சீராக்கவே சிட்ரிக் அமிலக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். உணவுப்பொருள் தொடும் பாத்திரத்துக்கு வேறெதையும் யோசிக்கவே வேண்டாம்.

எலுமிச்சம்பழத்தில் இருப்பதும் இதே அமிலம் என்பதால் பழத்தையே பிழியலாமே என்றால், ஒரு பழத்தில் ஒன்றரை கிராமுக்குமேல் தேறாது. கெட்டிலின் 50 கிராமுக்கு முப்பது பழத்துக்குமேல் பிழிய வேண்டும். ஊறுகாய் போடுங்கள்.

புளியும் ஆக்ஸாலிக் அமிலமும்: இடம் மாறினால் வீண்

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பித்தளைக் குத்துவிளக்கின் கருமை செம்பு ஆக்சைடு. அதைப் புளி அழகாகக் கரைக்கும். சுண்ணாம்புப் படிவில் போட்டால் உருவாகும் கால்சியம் டார்ட்ரேட் எளிதில் கரையாதது. விளக்குக்குப் புளி சரி, ஹீட்டருக்கு வேண்டாம்.

ஆக்ஸாலிக் அமிலம் இன்னும் தெளிவான உதாரணம். இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். இரும்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கரையும். கால்சியத்தைப் பிடித்தால் கல்லாகிவிடும். சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட்தான் என்றால் புரிந்துகொள்ளலாம். ஆகவே பழுப்பு நிறத் துருக்கறைக்கு மட்டும் இது: லிட்டருக்கு 50 கிராம், பத்து நிமிடம், நிறைய தண்ணீர். நஞ்சு என்பதால் சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். துருக்கறைக்குப் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் உண்டு. அது தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பையும் துருவாக்கிக் கறையை அடர்த்தியாக்கும்.

சல்ஃபாமிக் அமிலம்: ஹீட்டருக்கு

மூன்று ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், ஒரு கந்தகம், மூன்று ஆக்சிஜன், எடை 97. 100 கிராம் படிவுக்கு 194 கிராம். ஹைட்ரோகுளோரிக்கோடு ஒப்பிட்டால் அதிகம்தான், ஆனால் இது உலர்ந்த தூள்; புகையாது, குளோரைடு கிடையாது, கால்சியம் சல்ஃபாமேட் தாராளமாகக் கரையும். ஆக, மூன்று மடங்கு போட வேண்டிய அவசியமும் இல்லை. அரைக் கிலோ ஓடு பிடித்த ஹீட்டருக்குச் சிட்ரிக் என்றால் 2 கிலோவுக்குமேல், சல்ஃபாமிக் என்றால் ஒரு கிலோ. டீஸ்கேலர் என்ற பெயரில் வரும் தூள்கள் பலவற்றில் இதுதான் சரக்கு. கெமிக்கல் கடையில் தனியாகவும் கேட்டு வாங்கலாம்.

ஒரே கட்டுப்பாடு வெப்பம். 60 டிகிரிக்கு மேலே தண்ணீரோடு வினைபுரிந்து சல்ஃபேட்டாக மாறத் தொடங்கும். சல்ஃபேட்டும் கால்சியமும் சேர்ந்தால் ஜிப்சம். லிட்டருக்கு இரண்டு கிராம்தான் கரையும், ஒட்டினால் அமிலத்துக்கு அசையாது. ஆகவே கைபொறுக்கும் வெந்நீர் போதும்.

சேமிப்பு ஹீட்டரில் வேலை செய்யும் வரிசை: எம்சிபியை (மின்பெட்டியில் ஹீட்டருக்கான ஸ்விட்சை) இறக்கி, பிளக்கையும் எடுத்துவிட்டு, குளிர்நீர் வால்வை மூடி, தொட்டியைக் காலிசெய்து, அடித்தட்டைக் காயிலோடு கழற்ற வேண்டும். வாரண்டி இருந்தால் கம்பெனி ஆளை வைத்தே கழற்றுங்கள். முதலில் மரக்குச்சியால் தட்டி உதிரக்கூடிய ஓடுகளையெல்லாம் உதிர்த்துவிட்டால் அமிலம் பாதி மிச்சமாகும். பெரும்பாலான தொட்டிகளில் காயிலுக்குப் பக்கத்தில் ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவது அதன் வேலை. அதைக் கழற்றி ஒதுக்கி வைக்காமல் காயிலோடு அமிலத்தில் இறக்கினால், ஓட்டுக்குப் போக வேண்டிய அமிலத்தை அதுவே குடித்துவிடும். பென்சில் அளவுக்கு இளைத்திருந்தால் புதிது போட இதுதான் சமயம். லிட்டருக்கு 50 கிராம் கரைசலில் காயிலை மட்டும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். மின் முனைகள் நனையக் கூடாது.

நுரை நின்றுவிட்டது, ஓடு இன்னும் இருக்கிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். கரைசலில் கொஞ்சம் தனியே எடுத்து ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள். பொங்கினால் அமிலம் இன்னும் இருக்கிறது, ஓட்டில்தான் கார்பனேட் தீர்ந்துவிட்டது. பொங்காவிட்டால் அமிலம் தீர்ந்தது, புதிதாகக் கலக்கவும். திரும்ப மாட்டும்போது புது ரப்பர் வாஷர் போட்டு, தொட்டி நிரம்பிச் சுடுநீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே கரண்ட். காலித் தொட்டியில் ஸ்விட்சைப் போட்டால் காயில் சில நிமிடத்தில் எரிந்துபோகும்.

ஆசிட்டை நேரே தொட்டிக்குள் ஊற்றிக் குலுக்கிக் கொட்டும் பிளம்பர்கள் உண்டு. தொழிற்சாலைக் கொதிகலனில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுகிறார்களே என்று வாதாடுவார்கள். அங்கே உலோகத்தைக் காக்கும் தடுப்பு வேதிப்பொருளைக் கலந்து, வெப்பமும் நேரமும் பார்த்து ஊற்றுகிறார்கள். வீட்டு ஹீட்டரின் கண்ணாடிப் பூச்சில் ஒரு விரிசல் இருந்தால் உள்ளே இருக்கும் இரும்பை வெறும் ஆசிட் நேராகத் தின்னும்.

எந்த அமிலமும் கூடாத இடம்

கடப்பாக்கல், கோட்டா கல், மார்பிள், மொசைக். முதல் மூன்றும் அடிப்படையில் கால்சியம் கார்பனேட், மொசைக்கில் சிமென்ட்டும் மார்பிள் சில்லும். கறைக்கும் தரைக்கும் வாய்பாடு ஒன்றுதான்; வினிகரானாலும் சரி, எலுமிச்சையானாலும் சரி, இரண்டையும் சேர்த்தே கரைக்கும். கடப்பாக்கல் மேடையில் ரசம் சிந்திய இடம் சாம்பல் நிறத்தில் வெளுப்பது இதனால்தான். அங்கே பிளாஸ்டிக் சுரண்டியும் சோப்புத் தண்ணீரும் பொறுமையும் மட்டுமே. கிரானைட் இந்த வகையில் சேராது.

இன்னொரு தடையில் விலக்கே கிடையாது. பிளீச்சிங் பவுடரோ, சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த வெளுப்புத் திரவமோ இருக்கும் இடத்தில் மேலே சொன்ன எந்த அமிலமும் சேரக் கூடாது. ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் சந்தித்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் பொசுக்கும். காலையில் பிளீச்சிங் போட்ட கழிப்பறைக்கு ஆசிட் அடுத்த நாள்தான், அதுவும் நன்றாகத் தண்ணீர் விட்ட பிறகு. தோலிலோ கண்ணிலோ அமிலம் பட்டால் ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். சோடா போட்டு முறிக்கப் பார்க்காதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் கழுவியதும் நேரே மருத்துவமனைக்கு.

கடைசியாக, வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. கறையில் ஒரு செதிலைச் சுரண்டி வினிகரில் போடுங்கள். குமிழி வந்தால் இதுவரை சொன்ன கணக்கெல்லாம் பொருந்தும். குமிழி வராமல் செதில் அப்படியே கிடந்தால் அது ஜிப்சமோ சிலிக்காவோ ஆக இருக்கலாம். அமிலத்தை எவ்வளவு அடர்த்தியாக்கினாலும் உலோகம்தான் கரையும், கறை கரையாது. கெட்டிலென்றால் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த வரை லாபம். ஹீட்டர் காயிலில் அப்படிப்பட்ட ஓடு இறுகிவிட்டால், அமிலத்துக்குச் செலவழிப்பதைப் புதுக் காயிலுக்குச் செலவழிக்கலாம்.